சூடைக்கு வந்த கடிதம்

மல்லாவி
06.03.2000

யேசு மரி சூசை துணை

அன்பு மகன் அனிஸ்ரனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் காத்தபடியால் நானும் அம்மாவும் தங்கச்சியும் உடம்பால் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. ரொறன்ரோவில் குளிர் விட்டதா? உன் இருமல் எப்படி?

கடை நடக்கிறது. முல்லைத்தீவில் வலையும் கருவாடும் விற்றவன் மல்லாவியில் சவர்க்காரமும் சைக்கிள் ரியூப்பும் விற்கிறேன். அதை எழுத இந்தக் கடிதம் இல்லை. பங்குச் சுவாமி கொழும்புக்குப் போகிறார்; அவர் கையோடு கொண்டுபோய் அங்கே தபாலில் போடுவார். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆன்சலாவுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. குண்டு விழுந்த அன்று தம்பி கொலின்ஸைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடினவள் அவள்தான். அவன் செத்து இரண்டு வருடமாகிறது. அன்றைக்கும் அழவில்லை, இன்றைக்கும் அழவில்லை. இப்போது பேச்சும் குறைந்துவிட்டது. அவள் வகுப்பில் மூன்று பெண்பிள்ளைகள் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனது பக்கத்தில் இருந்து படித்த சுதாஜினி. போன கிழமை அம்மா சோறு போடும்போது இவள் கேட்டாள்: “நான் மட்டும் ஏன் இஞ்சை இருந்து சாப்பிடுறன்?” அம்மாவின் கை அகப்பையோடு நின்றுவிட்டது.

அவளை இயக்கத்தின் எல்லைக்கு வெளியே வவுனியாவுக்கு, கன்னியர் மடத்துக்கு அனுப்ப அவர்களிடம் பாஸ் கேட்டிருக்கிறேன். படிப்புக்கு என்று சொல்லி. திரும்பி வருவாள் என்று பிணை நிற்க ஒரு ஆள் வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு யார் நிற்பான்? தேடுகிறேன். மாதக்கணக்கில் செல்லும். அதுவரைக்கும் அவளை வீட்டில் வைத்திருக்க வேண்டும். கட்டி வைக்க அவள் ஆடு இல்லை.

இங்கேதான் உன் உதவி வேண்டும். தைமாதக் கடிதத்தில் ஏதோ கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரு இல்லாத ஊருக்குள் ஆளாகப் போய் உலாவுகிறார்களாம். எனக்குத் தலைகால் விளங்கவில்லை. அவள் இரண்டுதரம் வாசித்துவிட்டு, “அண்ணாவுக்கு விசர்” என்று சிரித்தாள். மகன், நான் அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை நாள். அதைப் பற்றியே எழுது. அவள் பெயருக்கு எழுது. மிச்சத்தை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன் என்று நிறுத்து. கடிதத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை வீட்டை விட்டுப் போகாது.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா துணை இருப்பா.

அப்பா
செ. அல்பேர்ட்


ரொறன்ரோ
10.04.2000

அன்புத் தங்கை ஆன்சலாவுக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது என்று அப்பாவுக்குச் சொல். நீ சுகமா? அம்மா இன்னமும் தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்குகிறாவா? நீ தூக்கு.

உன்னை ஒரு வேலைக்குப் பிடிக்கப் போகிறேன். நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடைக்குத் திங்கட்கிழமை லீவு. அன்று பகல் முழுக்க, என்னோடு அறையில் இருக்கிற யோகலிங்கம் அண்ணையின் கொம்பியூட்டர் எனக்குத்தான். இவ்வளவு காலமும் அந்த விளையாட்டில் நான் மனித இனம். வாள் வைத்திருந்தேன், எல்லா ஊர் வாசலிலும் காவல்காரன் வணக்கம் சொன்னான். அலுத்துப் போச்சு. இப்போது புதிதாக ஒரு இனம் விட்டிருக்கிறார்கள். சேற்றுமக்கள். பச்சைத் தோல், விரல்களுக்கு நடுவே தாராவுக்கு இருக்கிறது போலச் சவ்வு. நீரிலும் மூச்சு விடும், நிலத்திலும் விடும். வெயில்தான் ஆகாது.

அதைத் தெரிவு செய்தால் எல்லாம் முதலில் இருந்து தொடக்கம். வாள் இல்லை, சப்பாத்து இல்லை. கையில் ஒரு தடி, இரண்டு துண்டு அப்பம். கொண்டுபோய் விடுகிற இடம் ஒரு சதுப்பு. மற்ற எந்த ஊருக்குப் போனாலும் வாசலிலேயே காவல்காரன் அடித்துக் கலைப்பான். கடைக்காரன் சாமான் விற்கமாட்டான். யோகலிங்கம் அண்ணை பார்த்துவிட்டு, “உனக்கு இஞ்சை அகதியாய் இருந்தது காணாதெண்டு அங்கையும் போய் அகதியாகிறியோ?” என்கிறார்.

நான் நினைத்தேன், களப்பும் சேறும் எனக்கு மறந்துவிட்டது, உனக்கு மறக்கவில்லை. ஆகவே ஆள் உன்னுடையது. பெயர் நீ வை. சதுப்பில் இருந்து எந்தப் பக்கம் போவது, எதற்கு ஒளிப்பது, யாரோடு சேருவது, எல்லாம் நீ எழுது. உன் கடிதம் வரும்வரை அவள் நாணல் புதருக்குள் இருப்பாள். அசைக்கமாட்டேன், சத்தியம்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் முத்தங்கள். நீ பதில் போடாவிட்டால் அங்கே ஒருத்தி பட்டினி.

அண்ணா
அனிஸ்ரன்


மல்லாவி
10.06.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். நீங்களும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். குடம் நான்தான் தூக்குகிறேன்.

உங்களுக்கு உண்மையிலேயே விசர். இருந்தாலும் எழுதுகிறேன், அவள் பாவம்.

பெயர் சூடை. சின்ன மீன், முள் நிறைய. விழுங்குகிறவனுக்குத்தான் கஷ்டம்.

முதலில் அவளை வாசல் பக்கம் விடவேண்டாம். தண்ணீர் வற்று நேரத்தில் போகச் சொல்லுங்கோ. சேற்றில் குதிக்காலை ஊன்றினால் புதையும். பாதத்தைப் படுக்கையாய் வைத்து இழுத்து இழுத்துப் போகவேண்டும். நாணல் ஓரமாக, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து. பறவை எழும்பினால் அந்தப் பக்கம் ஆள் இருக்குது. அப்பத்தை ஒரே நாளில் தின்ன விடாதேங்கோ. அங்கே இறால் இருக்குமா? இருந்தால் கரைக்கு வந்து பொழுதுபட விளக்கைக் கண்டு கூடும், கையாலேயே அள்ளலாம்.

அந்த ஊர்க் காவல்காரருக்குச் சேற்றுமக்கள் என்ன செய்தவை? ஒன்றும் செய்யாமலா அடிக்கிறார்கள்?

செத்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கோ.

வகுப்பில் நான் இருக்கிற பின் வாங்கில் மற்ற இடமெல்லாம் இப்போது காலி. ரீச்சர் என்னை முன்னுக்கு வந்து இருக்கச் சொன்னா. நான் அங்கேயேதான் இருக்கிறேன்.

குளிருக்குள் திரியாமல் உடம்பைக் கவனியுங்கோ.

தங்கை
ஆன்சலா


மல்லாவி
11.06.2000

யேசு மரி சூசை துணை

அன்பு மகனுக்கு, கர்த்தர் கிருபையால் இங்கு மூவரும் சுகம், உன் சுகமும் அதுவே என நம்புகிறேன்.

தங்கச்சியின் கடிதமும் இதுவும் ஒன்றாகச் சுவாமி கையில் வருகின்றன. அவளுடையதை நான் பார்க்கவில்லை. பிறர் கடிதத்தை உடைக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது ஊருக்குத் தெரியும். அதனால்தான் எத்தனையோ பேர் தங்கள் கடிதங்களைக் கடை விலாசத்துக்கு எடுக்கிறார்கள்.

மருந்து வேலை செய்கிறது. சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு அவளே எங்களுக்குக் கதை சொன்னாள். நான் கேட்டேன், “கடைக்காரன் விக்கமாட்டானெண்டால் உன்ரை சூடை என்னத்தைச் சாப்பிடுறது?” “அதுதான் அப்பா பிரச்சினை” என்றாள். நான் சொன்னேன், “ஒரு சனத்துக்கு எல்லா வாசலையும் பூட்டினால் வியாபாரம் நிக்காது பிள்ளை, தடம் மாறும். ரெண்டு பக்கத்துக்கும் நடுவிலை ஒருத்தன் பெட்டியோடை குந்தியிருப்பான். அவனைத் தேடச் சொல்லு.” இதையும் உனக்கு எழுதச் சொல்கிறாள். தேடிப் பார்.

ஆனால் ஒரு விஷயம். நேற்று என்னிடம் கேட்டாள், அந்த விளையாட்டில் செத்தவர்கள் திரும்ப எழும்புவார்களா என்று. எனக்குத் தெரியாது என்றேன். எழும்புவார்கள் என்றால், மகன், நீ அதை எழுதாதே. செத்து எழும்புகிற கதை இந்த ஊரில், இந்த வயதில், இந்த வருடத்தில் ஒரு பிள்ளையின் காதில் விழக்கூடாது. சுற்றி வளைத்து ஏதாவது எழுது.

பிணைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஆலை வைத்திருக்கிற ஐயாத்துரையிடம் இரண்டுதரம் போனேன். இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லாதவனிடம் மூன்றாம்தரமும் போகலாம்.

நித்திரை முழிக்காதே. உடம்பு முக்கியம்.

அப்பா


ரொறன்ரோ
05.07.2000

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே இப்போது நம் ஊர் வெயில்.

சூடை உயிரோடு இருக்கிறாள். நீ சொன்னபடியே வற்று நேரம், நாணல் ஓரம், வெயிலுக்கு முதுகு. அந்தச் சதுப்பில் ஏழு பேர் ஒரே நாளில் தொடங்கினோம். மற்ற ஆறு பேரும் நேரே வாசலுக்கு ஓடி அடி வாங்கினார்கள். அப்பா சொன்ன நடு ஆளும் இருக்கிறான்! பாலத்துக்குக் கீழே ஒரு குள்ளன், பெட்டியோடு. நண்டு ஓட்டை வாங்கிக்கொண்டு கத்தி தருகிறான். அப்பாவை இங்கே கூப்பிட்டால் ஒரு மாதத்தில் அந்தப் பாலத்தையே வாங்கிவிடுவார்.

செத்தால் என்ன என்று கேட்டாய். சூடை இன்னும் சாகவில்லை, ஆகவே எனக்கும் தெரியாது.

இப்போது ஒரு புதுச் செய்தி. சேற்றுமக்களாகத் தொடங்கினவர்கள் நாற்பது ஐம்பது பேர் ஒன்று சேர்கிறார்கள். பெரிய ஊரின் வாசலை உடைத்து உள்ளே போகப் போகிறார்களாம். சூடையையும் கேட்டார்கள். தனியே நாணலுக்குள் இருந்தால் ஆபத்து இல்லை, ஆனால் காலம் முழுக்க நாணல்தான். நீதான் முடிவு சொல்லவேண்டும்.

அம்மாவை அன்போடு கேட்டதாகச் சொல். உன் பதிலை நானும் ஐம்பது பச்சைத் தோல்காரரும் பார்த்திருக்கிறோம்.

அண்ணா


மல்லாவி
06.08.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.

செத்தால் என்ன என்பதை ஒளிக்கிறீர்கள். அப்பா எழுதவேண்டாம் என்று சொல்லியிருப்பார். அவர் முகத்தில் எதையும் மறைக்கத் தெரிந்தவர், ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது தராசைத் துடைக்கத் தொடங்கினார். காலையில் துடைத்த தராசு.

இனி சூடையை விட்டுவிட்டு எழுதுகிறேன். இது விளையாட்டு இல்லை.

என் வகுப்பில் இப்போது ஐந்து பேர் இல்லை. பிரசாரத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் கொலின்ஸ் இல்லை, நீங்கள் இல்லை. நான் இருக்கிறேன். கொலின்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவன் கேட்டது ஒன்று. “அக்கா, ஏன் எங்களுக்கு அடிக்கிறாங்கள்?” நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

போவதா இருப்பதா என்று யாரிடமும் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்டால் அழுவா. அப்பாவிடம் கேட்டால் விலை பேசுவார். அண்ணா, நீங்கள் சொல்லுங்கோ. சூடைக்கு இல்லை, எனக்கு. நேராகச் சொல்லுங்கோ. நீங்கள் இரு என்றால் இருக்கிறேன். நவம்பர் இரண்டாந்திகதி ஆத்துமாக்கள் திருநாள். கொலின்ஸுக்கு மெழுகுதிரி கொளுத்தும்வரை பார்த்திருப்பேன். அதற்குப் பிறகு பார்க்கமாட்டேன்.

அப்பாவுக்கு இதை எழுதவேண்டாம். எழுதினால் நான் உங்களுக்கு இனிக் கடிதமே போடமாட்டேன்.

உடம்பைப் பாருங்கோ.

தங்கை
ஆன்சலா


ரொறன்ரோ
09.09.2000

என் அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்குக் கை ஓடவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. பத்து நாளைக்கு முன் வழக்கம்போல ஒரு விளையாட்டுக் கடிதம் போட்டேன். அது முதலில் வந்திருக்கும். அதைத் தூக்கி எறி. இதுதான் பதில்.

போகாதே.

நேராகச் சொல் என்றாய். சொல்கிறேன். இரு. அப்பா உனக்குப் பாஸ் எடுக்கிறார், பிணைக்கு ஆள் தேடி நாய் போல அலைகிறார். அது வரும்வரை இரு.

தப்பி ஓடி வந்தவன் இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லை. கொலின்ஸ் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். என்னைக் கோழை என்று நினை. என் மேல் பழியைப் போடு: அண்ணா விடவில்லை, அதனால்தான் இருந்தேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்.

மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். சூடை இரண்டுதரம் செத்தாள். இரண்டுதரமும் அதே நாணலுக்குள் எழும்பி நின்றாள், ஒரு கீறல் இல்லாமல். நான் பொத்தானை அழுத்தினேன், எழும்பினாள். அவ்வளவு மலிவு அது. உன்னை எழுப்ப என்னிடம் பொத்தான் இல்லை.

ஒரு வரி போதும், இருக்கிறேன் என்று எழுது.

அண்ணா
அனிஸ்ரன்


மல்லாவி
17.10.2000

யேசு மரி சூசை துணை

அன்பு மகனுக்கு, தேவ கிருபையால் யாவரும் சுகம். அம்மாவுக்குத் தடிமனும் தும்மலும், பயப்பட ஒன்றுமில்லை. நீ மெலிந்துவிட்டதாக இங்கிருந்து போன ஒருவர் சொன்னாராம். முட்டை சாப்பிடு.

நல்ல செய்தி. ஐயாத்துரை பிணைக்குச் சம்மதித்துவிட்டார். ஐந்தாம்தரம் போனபோது என்னை இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “அல்பேர்ட், பிள்ளை திரும்பி வருமோ?” நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “ஐயா, உங்களுக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம்” என்றேன். கையெழுத்து வைத்தார். பாஸ் நவம்பர் பத்தாந்திகதி கைக்கு வரும் என்கிறார்கள். இன்னும் இருபத்துநாலு நாள்தான்.

அந்த நாட்களுக்கு வேண்டியதையும் நான் கணித்துவிட்டேன். பதினாலாந்திகதி ஐந்து கிழமைத் தபால் ஒரே சாக்கில் வந்தது. அதில் ஆன்சலாவுக்கு உன் கடிதங்கள் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். பிறகு அடுத்த தபால் எப்போதோ. பொருளாதாரத் தடை வந்த காலத்தில் கடை நடத்தினவனுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. இருக்கிற சரக்கை இழுத்து விடவேண்டும், பழைய திகதி முதலில். முந்திய முத்திரை குத்தினதைக் கொடுத்தேன். மற்றதைச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நவம்பர் ஐந்தாந்திகதி அளவில் கொடுத்தால், அதை வாசித்து, பதில் எழுதி முடிக்கப் பாஸ் வந்துவிடும்.

கொடுத்ததை அவள் நின்றபடியே வாசித்தாள். மடித்தாள். “வேறை ஒண்டும் வரேல்லையோ அப்பா?” என்றாள். இல்லை என்றேன். பார்த்தாயா, எவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் தபால் கந்தோருக்குத் தானே போய்வருகிறாள்.

நீ செய்த உதவியை நான் மறக்கமாட்டேன். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அப்பா


மல்லாவி
02.11.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம்.

காலையில் கொலின்ஸுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றில்லை, கடைசிவரை எரிந்தது.

உங்கள் ஓகஸ்ட் கடிதம் வந்தது. சூடை பாலத்துக்குக் கீழே வாங்கின கத்தியைப் பற்றி இரண்டு பக்கம். அது மட்டும்தான் வந்தது. நான் கேட்டதற்குப் பதில் எழுத உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. பதில் எழுதாததும் ஒரு பதில்தானே.

சூடையை வைத்திருங்கோ. அவளை யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

அப்பா அம்மாவுக்கு அடிக்கடி எழுதுங்கோ. குளிருக்குக் கவனம்.

ஆன்சலா


மல்லாவி
14.11.2000

மகன் அனிஸ்ரனுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ சுகமா?

மூன்றாந்திகதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்டவள் வரவில்லை. அவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். சைக்கிளைக் கடை வாசலில் விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறாள். நான் உள்ளே சாமான் நிறுத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் மணி கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்தாந்திகதி பாஸ் வந்தது. அவள் பெயரில், ஐயாத்துரையின் பிணையில். மேசையில் கிடக்கிறது.

முகாம் எது என்று விசாரித்துப் போனேன். வாசலில் நின்ற பிள்ளை, ஆன்சலாவிலும் சின்னவள், “புதுசாய் வந்தவையை மூண்டு மாசத்துக்குச் சந்திக்கேலாது ஐயா” என்று சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

இரவிரவாக அம்மா ஒன்றையே கேட்டா: “பாஸ் வாறதுக்கு ஒரு கிழமை இருக்கேக்கை ஏனப்பா போனவள்?” நானும் அதைத்தான் நினைத்தேன். நேற்றுச் சவர்க்காரப் பெட்டியைத் திறந்தபோது உன் கடிதம் இருந்தது. முத்திரையில் திகதி செப்டம்பர் ஒன்பது. அவள் உனக்கு ஓகஸ்டில் எழுதியது எனக்குத் தெரியும். நான்தான் தபாலில் சேர்த்தேன். அப்படியென்றால் இது அதற்குப் பதில்.

பிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் பிரிக்காதவன். அதோடு, பயமாகவும் இருக்கிறது. ஆகவே உன்னிடமே கேட்கிறேன். அவள் உன்னிடம் என்ன கேட்டாள்? இந்தக் கடிதத்தில் நீ என்ன எழுதினாய்? மறைக்காமல் எழுது. வவுனியாவுக்குப் போனால்தான் ரெலிபோன். எனக்குப் பாஸ் இல்லை. எழுத்தில்தான் வேண்டும்.

அம்மா உன்னைச் சாப்பிடச் சொல்கிறா.

அப்பா


ரொறன்ரோ
18.12.2000

அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். நீங்கள் இருவரும் மனதைத் தளரவிடாமல், உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். வருகிற நத்தார்த் திருநாளுக்கு உங்களோடு இல்லாத குறை எனக்கும் பெரிது.

அப்பா, உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில்தான் வந்தன. ஆன்சலாவுடையதும் வந்தது. அதில் உங்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவள் என்னிடம் கேட்டது விளையாட்டைப் பற்றித்தான். சூடை மற்றவர்களோடு சேர்ந்து வாசலுக்குப் போவதா, நாணலுக்குள் இருப்பதா என்று. நானும் அதைப் பற்றித்தான் எழுதினேன். பெட்டிக்குள் இருக்கிற கடிதத்தில் சூடையின் கதை தவிர வேறு ஒன்றுமில்லை. நீங்கள் அதை அன்றைக்கே கொடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அவள் எப்போதோ முடிவு எடுத்துவிட்டாள்.

அதை வைத்திருந்து பார்த்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பிரிக்காமல் எரித்துவிடுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த உடனேயே எரித்துவிடுங்கள்.

அம்மாவைத் தனியே விடாதீர்கள். உங்கள் இருவருக்காகவும் தினமும் மன்றாடுகிறேன்.

உங்கள் மகன்
அனிஸ்ரன்


மல்லாவி
05.02.2001

யேசு மரி சூசை துணை

அன்பு மகன் அனிஸ்ரனுக்கு, ஆண்டவர் இன்னும் நடக்கக் கால் தந்திருக்கிறார். அம்மாவும் நடக்கிறா. உன் சுகத்துக்கு எழுது.

எரிக்கச் சொன்ன கடிதம் கிடைத்தது. நீ நல்ல பிள்ளை. ஆனால் நான் முப்பது வருடம் ஆட்களின் வாயைப் பார்த்துச் சாமான் வாங்கினவன். ஒன்றுமில்லாத பெட்டியைத் திறக்காமல் கொளுத்து என்று எவனும் இத்தனை தூரம் இருந்துகொண்டு இரண்டுதரம் எழுதமாட்டான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, அதில் என்ன இருக்கிறதென்று. பிரிக்கத் தேவைப்படவில்லை.

மூன்று மாதம் முடிய, நேற்று ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனேன். வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் இருக்கச் சொன்னார்கள். வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறார்கள். கறுத்துவிட்டாள். பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளை நின்றா. பத்து நிமிடம் என்றா.

கடிதத்தைக் கொடுக்க முதல் சொன்னேன்: “பிள்ளை, இது ஒக்ரோபர் பதினாலாந்திகதி வந்தது. வேறை ஒண்டும் வரேல்லை எண்டு உனக்குப் பொய் சொன்னனான். உன்னை மறிச்சு வைக்க எண்டு ஒளிச்சனான்.” இதை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் போனேன்.

உறையை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். கிழித்து வாசித்தாள். நீ எழுதினது ஒரு பக்கம்தான். அவள் அதை மேலிருந்து கீழாக மூன்றுதரம் வாசித்தாள். பிறகு, “அப்ப அண்ணா எழுதினவர்தான்” என்றாள்.

என்னை ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். ஏசவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டி, “நீங்களும் வாசியுங்கோ அப்பா” என்றாள். வாசித்தேன். நான் நாய் போல அலைகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சரிதான்.

“இப்ப வாவன்” என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டா. ஆன்சலா சொன்னாள், “நினைச்சவுடனை வர ஏலாதப்பா, நான் கையெழுத்து வைச்சிட்டன்.” நான் கேட்டேன், “ஏலாதெண்டது இருக்கட்டும். வர விருப்பமோ?” கீழே பார்த்துக்கொண்டு ஓம் என்று தலையை ஒருதரம் ஆட்டினாள். கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மகன், நான் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன், இவ்வளவு சின்னத் தலையாட்டலுக்கு இவ்வளவு விலை கொடுத்ததில்லை.

பொறுப்பாளரைக் கண்டேன். பதினேழு வயதுப் பிள்ளை, தாருங்கோ என்றேன். “பிறகு பாப்பம் ஐயா” என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

ஆகவே இன்று கடையைப் பூட்டிவிட்டேன். பூட்டுத் திறப்பு ஐயாத்துரையிடம். நானும் அம்மாவும் ஒரு பாய், ஒரு கேத்தில், இரண்டு சாறம் சேலையோடு அந்தப் புளியமரத்தடிக்குப் போகிறோம். பிள்ளையைத் தரும்வரை அங்கேதான். கலைத்தால் றோட்டுக்கு மற்றப் பக்கம் இருப்போம். வேறு சில தாய்தகப்பன்மாரும் வருவதாகச் சொல்கிறார்கள்.

இனிக் கடை விலாசத்துக்கு எழுதினாலும் பரவாயில்லை. தபால்காரருக்குச் சொல்லிவிட்டேன், எங்கள் பெயருக்கும் பிள்ளையின் பெயருக்கும் எது வந்தாலும், வந்த அன்றைக்கே, மரத்தடிக்குக் கொண்டுவந்து தரச் சொல்லி. நீ எழுது. அவளுக்கும் எழுது. வாசலில் கொடுப்பேன், வாங்காவிட்டால் சத்தம் போட்டு வாசிப்பேன்.

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறா. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
அல்பேர்ட்